சார்ஜன் சட்டை

போலீஸ்காரனை மலாய்க்காரர்கள் மாத்தா மாத்தா என்பார்கள். கண், கண் என்று அர்த்தம். எந்தப் புண்ணியவான் அந்தப் பேரை வைத்தானோ தெரியாது. பாக்கியலட்சுமியைக் கேட்டிருந்தால் வேறு நல்ல பேராக வைத்துக் கொடுத்திருப்பாள். அந்த வட்டாரத்து ஸ்டேஷனில் இருந்த பதினாறு பேருடைய உடுப்பும் காஜா பேராங்கில் அவள் வீட்டுக் கிணற்றடியில்தான் வெளுத்தது. எவன் சம்சு குடித்து மார்பிலேயே வாந்தி எடுத்தான், எவன் மிரட்டி வாங்கிய கருவாட்டைச் சட்டைப் பையில் மறந்து வைத்தான், ஜப்பான்காரன் ஒரு அதட்டல் போட்டதும் எவன் கால்சட்டையிலேயே போனான், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. தெருவில் பார்த்தால் கஞ்சி விறைப்பும் பித்தளைப் பொத்தானுமாக ஆளைத் தூக்கும். உள்ளே இருக்கிற லட்சணத்தை டோபிக்காரியிடம் அல்லவா கேட்க வேண்டும்!

"இது யாரு கால்சட்டைன்னு சொல்லட்டா?" என்று துவைகல்லில் அடித்துக்கொண்டே கேட்பாள்.

"வாய மூடிக்கிட்டு அடி. வேலிக்கு அந்தப் பக்கம் யாராச்சும் கேட்டு வைக்கப் போறாங்க" என்பார் மருதப்பன். அவள் புருஷன். நாற்பத்தெட்டு வயதுக்கு நல்ல உழைப்பாளி. ஆனால் காக்கி கண்ணில் பட்டால் போதும், கொடியில் காய்வது வெறும் சட்டையாக இருந்தாலும் முதுகு கொஞ்சம் வளைந்துவிடும்.

ஜப்பான்காரன் வந்து மூன்றாவது வருஷம். சவுக்காரத்தைக் கண்ணால் பார்த்து வெகுநாள் ஆயிற்று. வாழைமட்டையை எரித்து, சாம்பலைத் தண்ணீரில் கரைத்துத் தெளிய வைத்து, அந்தக் காரத்தில்தான் துணியை ஊறவைத்தார்கள். அதன் பிறகு வெள்ளாவி. அடியில் தண்ணீர் கொதிக்க, மேலே அடுக்கிய துணி ஆவியில் வெந்து அழுக்குக் கழலும். கஞ்சிக்கு அரிசி ஏது? மரவள்ளி மாவுதான். சாப்பாட்டுக்கும் மரவள்ளிதான். விடிந்தால் அவித்த கிழங்கு, பொழுது சாய்ந்தால் கிழங்குக் குழம்பு.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையிலும் கிழங்குதான். தேங்காய்ப்பூவும் உப்பும் தூவி ஜெயபாலனுக்கு வைத்தாள்.

"நமக்கும் மரவள்ளி, சட்டைக்கும் மரவள்ளி. யாரு நல்லா வெறைக்கிறான்னு பாப்பம்மா" என்று சிரித்தான் ஜெயபாலன். பத்தொன்பது வயசு. அவர்களுக்கு ஒரே பிள்ளை. தோளில் சதை இல்லாவிட்டாலும் எலும்பு அகலம்.

"சாப்புடறப்ப என்னடா பேச்சு. மூட்டையக் கட்டிட்டியா?"

"ஸ்டேஷன் துணி கட்டியாச்சி. சாயங்காலம் மழ வரும்போல இருக்கு. இப்பவே போயிட்டு வந்தர்றேன்."

"சந்திப் பக்கம் போவாத. அரிசிக்கடையில கூட்டம் நிக்கிதாம்."

"நான் ஏம்மா கூட்டத்துக்குப் போறேன்? ரோட்டோரமா போயிட்டு ரோட்டோரமா வரப்போறேன்."

சைக்கிளுக்கு டயர் கிடையாது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற ரப்பர் குழாயை வெட்டிச் சக்கரத்தில் கட்டியிருந்தான். அது தடக் தடக்கென்று குதித்துக்கொண்டு போகும். தேய்த்து மடித்த துணி கலையாமல் இருக்க மூட்டையைப் பின்னால் ஒரு கையால் பிடித்துக்கொண்டே ஓட்டுவான். அப்படித்தான் போனான்.

பத்தரை மணி இருக்கும். பக்கத்து வீட்டுச் சிவகாமி தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். அரிசி வாங்கப் போனவள். கையில் நசுங்கிய தகர டப்பா. ஒரு காலில் செருப்பைக் காணோம்.

"அக்கா, பாலன அடிச்சிட்டாங்கக்கா. பாலன அடிச்சிட்டாங்க."

"யாருடி? எங்க?"

"விடியக்காலம் அஞ்சு மணிலேர்ந்து நிக்கிறோம்க்கா. பத்து மணிக்குக் கடக்காரன் கதவத் தொறந்து, இந்த மாசம் அரிசி இல்ல, போங்கன்னுட்டான். உள்ள மூட்டை அடுக்கியிருக்கிறது கண்ணுக்குத் தெரியிது. முன்னால நின்ன சீனத்தி தகரத்தத் தட்டுனா. அவளப் பாத்து நாங்களும் தட்டுனோம். அரிசி குடு, அரிசி குடுன்னு கத்துனோம். அவ்வளவுதான்க்கா செஞ்சோம். மாத்தா மாத்தாங்க லாரியிலேர்ந்து குதிச்சி, பொம்பளன்னும் பாக்கல, புள்ளத்தாச்சின்னும் பாக்கல..."

"என் புள்ளைக்கு என்னடி ஆச்சி? அதச் சொல்லு!"

"அவன் அந்தப் பக்கம் ஓரமாத்தான் நின்னான். வழி அடைச்சிருந்திச்சி, எப்படிப் போவான்? ஜனம் ஓடி வந்து சைக்கிளச் சாச்சிருச்சி. துணியில சேறு படக்கூடாதுன்னு மூட்டைய ரெண்டு கையாலயும் தலைக்கு மேல தூக்கிப் புடிச்சிக்கிட்டான்க்கா. 'ஐயா, ஸ்டேஷன் துணிங்க, ஸ்டேஷன் துணிங்க'ன்னுதான் சொன்னான். கைய எறக்கி மண்டைய மறைச்சிருந்தாக்கூட... எறக்கவே இல்லக்கா."

"யாரு அடிச்சா?"

சிவகாமி வேலிப்பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"சார்ஜன் கலியாணசுந்தரம். பின்னாலேர்ந்து. ஒண்ணு இல்லக்கா, மூணு அடி."

பேர் கலியாணம், செய்கிறது கருமாதி. இந்த ஆளைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். வெள்ளைக்காரன் இருந்தபோது வெள்ளைக்காரனுக்கு சலாம் போட்டான். வெள்ளைக்காரன் ஓடிப்போன மறுவாரமே இடுப்பு ஒடிகிற மாதிரி ஜப்பான்காரனுக்குக் குனியப் பழகிக்கொண்டான். குனிகிற வித்தை இவனுக்குத் தாய்ப்பாலோடு வந்தது. ஆனால் அரிசிக்கு நிற்கிற பொம்பளைகள் முன்னால் நெஞ்சு நிமிர்ந்துவிடும். துரைமார் இல்லாத இடத்தில் இவன்தான் துரை.

மருதப்பனும் பாக்கியலட்சுமியும் ஸ்டேஷனுக்கு ஓடினார்கள். பின்பக்கக் கொட்டகையில், மண்ணெண்ணெய்ப் பீப்பாய்களுக்கு நடுவில், பையனைக் கிடத்தியிருந்தார்கள். அவள் பார்த்ததும் தெரிந்துகொண்டாள். உடம்பில் சேறு. பிடரிக்கு மேலே மண்டை பிளந்திருந்தது. முகத்தில் ஒரு கீறல் இல்லை. தூங்குகிறவன் முகம். ஈக்கள் மட்டும் வந்து வந்து உட்கார்ந்தன. தொடப் போனவளை ஒரு மாத்தா மாத்தா குறுக்கே தடியை நீட்டித் தடுத்தான்.

"மொதல்ல உள்ள போயி எழுதிக் குடுத்துட்டு வாங்க. அப்பறம் தூக்கிட்டுப் போலாம்."

உள்ளே மேசையில் ஸ்டேஷன் குமாஸ்தா நாராயணன் கிராணி உட்கார்ந்திருந்தார். செட்டி கம்பத்துக்காரர். நெற்றியில் திருநீறு, பேர் நாராயணன், ஆனால் வீட்டில் தலைமுறை தலைமுறையாக மலாய்தான். தமிழ் நாலு வார்த்தை தெரிந்தால் பெரிது. பக்கத்தில் கலியாணசுந்தரம் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, பனியனோடு, கால்மேல் கால் போட்டு விசிறிக்கொண்டிருந்தான். அவ்வளவு வேலை செய்த களைப்பு!

கிராணி மலாயில், தணிந்த குரலில், உங்கள் மகனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். மருதப்பனுக்கு மலாய் தெரியும். வீடு வீடாகத் துணி எடுக்கிறவருக்குத் தெரியாமல் இருக்குமா? அன்றைக்கு ஒரு மலாய் வார்த்தை வாயில் வரவில்லை. இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு தமிழில் சொன்னார்.

"தவறிட்டான்ங்க. எம்புள்ள தவறிட்டான்."

பெற்ற பிள்ளையைச் செத்துவிட்டான் என்று எந்தத் தமிழ் வாய் சொல்லும்? தவறிவிட்டான் என்றுதான் சொல்லும். கிராணிக்குப் புரியவில்லை. சார்ஜனைப் பார்த்தார். கலியாணசுந்தரத்துக்கு நன்றாகப் புரிந்தது. தமிழ்த் தாய் வயிற்றில் பிறந்தவன், தமிழ் வீட்டு இழவுக்குப் போய் வந்தவன். விசிறியை நிறுத்தாமல் சொன்னான்.

"தெர்கெலிஞ்சிர்."

வழுக்கி விழுந்துவிட்டான் என்று அர்த்தம். கிராணி அப்படியே எழுதினார். 2604-ஆம் வருஷம், நாலாம் மாதம், இருபத்தைந்தாம் தேதி. ஜப்பான்காரன் கணக்கில் வருஷம் அது. ஜெயபாலன், டோபி, கடைச் சந்தியில் கால் வழுக்கி லோங்கானில், அதாவது சாக்கடையில், விழுந்து இறந்தான். தகப்பன் வாக்குமூலம்.

பாக்கியலட்சுமி அலறினாள்.

"அடப்பாவி! அவரு சொன்னதுக்கு அதா அர்த்தம்? லோங்கான்ல விழுந்தவனுக்குப் பொடனியில எப்படிடா மண்ட ஒடையும்?"

"இந்தாம்மா, மரியாதையாப் பேசு. ஒம் புருஷன் வாயாலதானே சொன்னான், தவறிட்டான்னு? நான் சொன்னனா?"

"நீ அடிச்ச. ஊரே பாத்துச்சி."

"எந்த ஊரு? கூப்புடு, வந்து சொல்லட்டும். கெம்பித்தாய் ஆபீசு பக்கத்துலதான் இருக்கு. அங்கயே வந்து சொல்லட்டும்." ஜப்பான் ராணுவப் போலீசின் பேரைச் சொல்லிவிட்டு, கட்டைவிரல் மையை மருதப்பன் பக்கம் தள்ளினான். "ரேகை வச்சா பொணம். வைக்கலேன்னா இங்கயே கெடக்கும். வெயிலு வேற கடுமையா இருக்கு."

"வைக்காதீங்க" என்றாள். "என்னங்க, வைக்காதீங்க!"

மருதப்பன் கொட்டகைப் பக்கம் பார்த்தார். ஈக்களைப் பார்த்தார். விரலை மையில் வைத்து, காகிதத்தில் வைத்தார். நாராயணன் கிராணி தலை நிமிரவில்லை.

அன்று சாயங்காலம் மழை வருவதற்குள் பையனைப் புதைத்தார்கள்.

வீட்டுக்குத் திரும்பிய பிறகு மருதப்பன் கிணற்றடியில் உட்கார்ந்து அந்த விரலைச் சாம்பல் போட்டுத் தேய்த்தார், தேய்த்தார், தோல் சிவக்கிறவரை தேய்த்தார்.

"நாந்தான் கெடுத்தேன் பாக்கியம். என் வாயில வேற வார்த்த வரல."

"நீங்க சரியாத்தான் சொன்னீங்க" என்றாள். "தப்பா கேட்டவன் அவன்."

அவளுக்கு நெஞ்சில் தீ எரிந்தது. பிள்ளை போய்விட்டான், திரும்பி வர மாட்டான், அது தெரியும். ஆனால் வழுக்கி விழுந்து செத்தானாம்! கண் தெரியாதவனா, குடிகாரனா? சேறு படாமல் துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளை. அவனை அடித்துக் கொன்றார்கள் என்று ஒரு வாயாவது வெளியே சொல்ல வேண்டும். ஊரில் அத்தனை பேர் பார்த்தார்கள், ஒருவர் வாயும் திறக்கவில்லை. சிவகாமியே மறுநாள் வந்து, "அக்கா, நான் சொன்னேன்னு எங்கயும் சொல்லிடாதீங்க, எனக்கும் ரெண்டு புள்ள இருக்கு" என்று காலைப் பிடித்துக்கொண்டாள். அவளைக் குறை சொல்லி என்ன செய்ய?

புதன்கிழமை மத்தியானம் கலியாணசுந்தரமே வந்தான். பனியனும் காக்கிக் கால்சட்டையுமாக. பின்னால் ஒரு மாத்தா மாத்தா மூட்டையைத் தூக்கிவந்து முற்றத்தில் போட்டான். வீட்டில் இழவு விழுந்து ஒரு நாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"நடந்தது நடந்துபோச்சி மருதப்பா. நம்ம ஜனம், எனக்கு மட்டும் வருத்தம் இல்லியா?" என்று ஆரம்பித்தான். "சனிக்கெழம ஜப்பான் சக்கரவர்த்தி பொறந்த நாளு. பாடாங் மைதானத்துல பரேடு. நேத்து மூட்டையில இருந்த துணியெல்லாம் சேறு. மறுபடி வெளுக்கணும். பெரிய ஆபீசர் ஒவ்வொருத்தனா பாத்துக்கிட்டே வருவான். சட்டையில சுருக்கம் இருந்தாலே பளார்னு விடுவான். என் சட்டையும் ஒண்ணு இருக்கு, பாத்துச் செய்யி."

மருதப்பன் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டார்.

"என்னோட இன்னொரு சட்டை, ஒம் பையன் சைக்கிள் சங்கிலியில மாட்டி நாராக் கிழிஞ்சிபோச்சி. புதுத்துணி இப்ப எவன் குடுக்கிறான்? இருந்தாலும் போவட்டும்னு விட்டுட்டேன். அத நான் கேக்க மாட்டேன்."

பெரிய மனசு! பாக்கியலட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது சிரிப்புதானா என்று பார்த்தவர்கள் பயந்திருப்பார்கள்.

"வச்சிட்டுப் போங்க சார்ஜன்" என்றாள். "வெள்ளிக்கெழம சாயங்காலம் வந்து சேரும்."

அவன் போனதும் மூட்டையை அவிழ்த்தாள். மேலே சேறு பிடித்த துணிகள். மகன் கையால் மடித்த மடிப்பு சிலவற்றில் இன்னும் கலையாமல் இருந்தது. அடியில் சார்ஜன் சட்டை. வலது கை முழங்கை வரைக்கும், மார்பில் இரண்டு கை அகலத்துக்கும், காய்ந்த இரத்தம்.

கறையைப் படிப்பது அவள் தொழில். கையில் இருந்தது தெறித்த இரத்தம், புள்ளி புள்ளியாக. மார்பில் இருந்தது அப்படி இல்லை. அப்பி, தேய்ந்து, கீழ்நோக்கி இழுத்திருந்தது. பின்னாலிருந்து அடித்தவன் மேலேயே பிள்ளை சாய்ந்திருக்கிறான். சாயும்போது யார் மேல் சாய்கிறோம் என்றுகூட அவனுக்குத் தெரிந்திருக்காது. அந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டு அவள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

மருதப்பன் கைப்பழக்கத்தில் ஒரு வாளி கிணற்றுத் தண்ணீரை இறைத்து உப்பை அள்ளிப் போட்டார்.

"குடு. பச்சத்தண்ணியில ஊறவச்சாத்தான் ரத்தம் போவும்."

"போவக் கூடாது."

"என்ன?"

"போவக் கூடாதுங்க. வெந்நியில போடப் போறேன்."

மருதப்பன் வாளியைக் கீழே வைத்தார். டோபி வீட்டில் பிறந்த குழந்தைக்கும் தெரியும்: இரத்தம் பட்ட துணியைச் சூட்டில் காட்டக் கூடாது. பச்சைத் தண்ணீர் கரைத்துவிடும். வெந்நீர் பட்டால் இரத்தம் நூலோடு நூலாக வெந்து பிடித்துக்கொள்ளும். அப்புறம் பிரம்மாவே வந்து துவைத்தாலும் போகாது. அப்படித் தெரியாத்தனமாகச் செய்த வண்ணானை ஊர் கேலி செய்யும்.

"ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? அவனுக்கு இருக்கிறது இந்த ஒரு சட்டை. பரேடுக்கு இதத்தான் போடணும். நம்மள உயிரோட விடுவானா?"

"என்ன செஞ்சிருவான்?"

"என்ன செய்வானா? அடிப்பான், புடிச்சிக் குடுப்பான்..."

"அடிக்கட்டும். நம்மகிட்ட இன்னொரு புள்ளையா இருக்கு, அவன் அடிக்கிறதுக்கு?"

வெள்ளாவி அடுப்பில் தென்னமட்டை எரிந்து தண்ணீர் தளதளவென்று கொதித்தது. அவள் சட்டையை முதலில் கொதிதண்ணீரில் முக்கினாள். குச்சியால் அழுத்திப் பிடித்தாள். பிறகு வெள்ளாவியில் நடுவாக வைத்து மூடினாள். ஆவி முகத்தில் அடித்தது. நிமிர்ந்து பார்த்தபோது மருதப்பன் அடுப்பண்டை குந்தி, இன்னும் இரண்டு மட்டையை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்.

"கஞ்சி நான் போடறேன்" என்றார். "கெட்டியா போடறேன்."

மறுநாள் வெயிலில் காய்ந்தபோது அந்தக் காக்கி, சாம்பல் காரத்தில் வெளுத்து வெளுத்து, கிட்டத்தட்ட மணல் நிறத்துக்கு வந்திருந்தது. அதில் கறை கருஞ்சிவப்பாக, அழுத்தமாக உட்கார்ந்திருந்தது. மற்றப் பதினைந்து பேர் துணியையும் குறை சொல்ல முடியாதபடி வெளுத்தார்கள். சார்ஜன் சட்டையை மருதப்பன் சிரட்டைக் கரி போட்டுத் தேய்த்தார். கைமடிப்பு கத்தி மாதிரி நின்றது. மடிக்கிறபோது மார்பு உள்ளே போகும்படி, கை அதற்கும் உள்ளே போகும்படி, வெளுத்த முதுகு மட்டும் வெளியே தெரியும்படி மடித்தார். முப்பது வருஷத் தொழில். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவரே தலையில் சுமந்துபோய்க் கொடுத்தார். கலியாணசுந்தரம் தடவிப் பார்த்து, "அருமை" என்றானாம்.

சனிக்கிழமை. வீட்டுக்கு இருவர் பாடாங்குக்கு வந்தே ஆக வேண்டும் என்று உத்தரவு. ஆளுக்கொரு காகிதக் கொடி, வெள்ளையில் சிவப்பு வட்டம். அரிசி வரிசையில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் அங்கே வந்து நின்றார்கள், அரிசிக்கு இல்லாவிட்டாலும் கொடிக்கு ஆள் வேண்டுமே. கடல்காற்று அடித்தது. வெயில் உச்சியைப் பிளந்தது.

மாத்தா மாத்தாக்கள் அணிவகுத்து வந்து, கூட்டத்துக்கு முன்னால் பதினைந்து அடி தூரத்தில் நின்றார்கள். பாக்கியலட்சுமி எட்டிப் பார்த்தாள். கலியாணசுந்தரம் கடைசி வரிசைக்கு நழுவப் பார்த்தான். சார்ஜன் நிற்க வேண்டிய இடம் முன்வரிசை ஓரம். அங்கேதான் நிறுத்தினார்கள். விடியற்காலையில் பிரித்துப் பார்த்துவிட்டு அரைமணி நேரமாவது கசக்கியிருப்பான் போலிருக்கிறது. கறையைச் சுற்றிச் சட்டை நனைந்து, கஞ்சி கலைந்து, கூழ் மாதிரி தொங்கியது. கறை மட்டும் அப்படியே இருந்தது. வராமல் இருக்கலாமென்றால் பேர் கூப்பிடுகிறார்கள். என்ன செய்வான், பாவம்.

ஜப்பான் ஆபீசர் ஒவ்வொருவனாகப் பார்த்துக்கொண்டு வந்தார். இரண்டாவது ஆளுக்குப் பொத்தான் தளர்ந்திருந்தது. பளார் என்று ஒன்று விழுந்தது. அந்தச் சத்தத்தில் கலியாணசுந்தரத்தின் தாடை ஆடியது தெரிந்தது. அவனுக்கு முன்னால் வந்து ஆபீசர் நின்றார். மார்பை விரலால் குத்தினார்.

"ஈனி ஆப்பா?" இது என்ன?

"டாரா, துவான்!" இரத்தம், ஐயா!

"டாரா சியாப்பா?" யாருடைய இரத்தம்?

ஆபீசரின் கை மெல்ல மேலே எழுந்தது. அதைப் பார்த்த பிறகு அந்த வீரனுக்கு வேறு நினைப்பு எங்கே வரும்? சுத்தமில்லாமல் வந்தவன் என்றால் அறை. கடமை செய்தவன் என்றால் ஒருவேளை தப்பலாம். இருந்த மூச்சையெல்லாம் கூட்டிக்கொண்டு, பாடாங் முழுக்கக் கேட்கிற மாதிரி, மலாயில் கத்தினான்.

"அரிசிக்கடைக் கலகத்தில் நான் அடித்தவனுடைய இரத்தம், துவான்! நான்தான் அடித்தேன்! மூன்று அடி! அங்கேயே செத்தான், துவான்!"

ஒரு அறைக்குப் பயந்து ஒரு கொலையை ஒத்துக்கொண்டான். ஆபீசர் கையை இறக்கி, "பாகுஸ்", சபாஷ், என்று தோளைத் தட்டிவிட்டு அடுத்தவனிடம் போனார். கலியாணசுந்தரத்தின் முகம் பூரித்தது. தப்பித்த சந்தோஷத்தில் நெஞ்சைக்கூடக் கொஞ்சம் முன்னால் தள்ளினான், கறையோடு சேர்த்து. அதற்குப் பிறகுதான் எதிரே நிற்கிற பெண்களைப் பார்த்தான்.

அவர்கள் கொடியைக் கீழே இறக்கியிருந்தார்கள். கிராணிகள் வரிசையில் நாராயணன், கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

பாக்கியலட்சுமி ஒரு அடி முன்னால் வைத்தாள். மருதப்பன் அவளைப் பிடித்து இழுக்கவில்லை. தமிழில் சொன்னால் திரித்துவிடுவான் என்று மலாயிலேயே சொன்னாள். கத்தவில்லை. எல்லாருக்கும் கேட்கிற அளவுக்குச் சொன்னாள்.

"இத்து அனாக் சாயா." அது என் பிள்ளை.

தகரம் தட்டிய சீனத்தி தன் பாஷையில் பக்கத்தில் இருந்தவளுக்குச் சொன்னாள். மலாய்க்காரி ஒருத்தி பின்னால் திரும்பி, "அனாக் டியா, அவ பிள்ளையாம், டோபி வீட்டுப் பையன்" என்றாள். சிவகாமி, இரண்டு பிள்ளைக்காரி, வாயைத் திறந்து, "ஆமா, நானும் பாத்தேன்" என்றாள். அது வரிசை வரிசையாகப் பின்னால் போனது. பேண்டு வாத்தியம் ஆரம்பித்த பிறகும் போய்க்கொண்டிருந்தது.

"கேட்டியா பாக்கியம்?" என்றார் மருதப்பன். "வழுக்கி விழலன்னு அவனே சொல்லிட்டான்."

"கேட்டேங்க" என்றாள். "ஊரே கேட்டுச்சி."